கோட் ரிவ்யூவில் த்ரெட்டைக் கண்டால் நான் ஏன் நிற்கிறேன்

எங்கள் அணியில் யாராவது ஒரு ரிக்வெஸ்ட்டுக்குள் புதிதாக ஒரு த்ரெட் பூலைச் சேர்த்து கோட் அனுப்பினால், நான் அதை அன்றே ஒப்புக்கொள்ள மாட்டேன். (ரிக்வெஸ்ட் என்பது சர்வரிடம் வரும் ஒரு பக்கக் கோரிக்கை. த்ரெட் என்பது ஒரு புரோகிராமுக்குள் மற்றவற்றோடு ஒரே நேரத்தில் ஓடும் ஒரு வேலைத்தொடர். அவற்றைத் தயாராக வைத்திருக்கும் தொகுப்பு த்ரெட் பூல்.) இது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். "அக்காகிட்ட த்ரெட் போட்டு அனுப்பினா நிறைய கேள்வி வரும்" என்று புதிதாகச் சேர்பவர்களிடம் சொல்லியே அனுப்புகிறார்கள். ரிவ்யூ கமெண்ட்டில் நாலு வரிக்குள் என் காரணங்கள் அடங்குவதில்லை. அதனால் இங்கே முழுதாக எழுதி வைக்கிறேன்.

பெருங்குடியில் ஒரு சின்ன அலுவலகம் எங்களுடையது. ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கான வெப் சாஃப்ட்வேர் செய்கிறோம்: ஜாவா மொழி, அதில் வெப் புரோகிராம் எழுத உதவும் ஸ்பிரிங் பூட், டேட்டாபேஸுக்குப் போஸ்ட்கிரெஸ். லேப்களின் நாள் எப்படி நகர்கிறதோ அப்படித்தான் எங்கள் சர்வரின் நாளும். காலை ஆறரைக்கு வெறும் வயிற்றோடு சுகர் டெஸ்ட்டுக்கு வருபவர்கள், சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி வருபவர்கள், அப்புறம் மதியம் முழுக்க ஓரளவு அமைதி. மாலை ஐந்துக்கு மேல் ரிப்போர்ட் தயார் என்ற மெசேஜ்கள் போக ஆரம்பிக்கும். வேளச்சேரி, குரோம்பேட்டை, அம்பத்தூர் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் லிங்கைத் திறப்பார்கள். பஸ்ஸில் நின்றுகொண்டே ஃபோனில் பார்க்கிறவர்கள்தான் அதிகம். அம்மாவின் கிரியேட்டினின் குறைந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ளக் காத்திருப்பவருக்கு மூன்று நொடி ரொம்ப நீளம். வேகம் முக்கியம் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அந்த வேகத்தை எங்கே தேடுவது என்பதில்தான் பேச்சு.

வெப் புரோகிராம் எழுதுகிற பலர் மறந்துவிடுகிற ஒன்று உண்டு. நாம் ஒரு த்ரெட்கூட உருவாக்காமலே நம் கோட் பல த்ரெட்டுகளில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்பிரிங் பூட்டோடு வரும் வெப் சர்வரான டாம்கேட்டை எந்த அமைப்பும் மாற்றாமல் ஓடவிட்டால் 200 த்ரெட்டுகள் வரை அது வைத்துக்கொள்ளும். ரிக்வெஸ்ட் வந்தால் ஒன்றை எடுத்துக் கொடுக்கும், பதில் போனதும் திரும்ப வாங்கிக்கொள்ளும். பி.எச்.பி.யின் வழக்கமான அமைப்பில் ஒரு ரிக்வெஸ்ட்டை ஒரு புராசஸ் (தனி மெமரியோடு தனியாக ஓடும் புரோகிராம்) கவனிக்கும். பக்கம் முடிந்ததும் அந்தக் கோடின் மாறிகளெல்லாம் அழிந்துவிடும். ரயன் டால் 2009இல் கொண்டுவந்த நோட் ஜே.எஸ்.ஸில் நம் ஜாவாஸ்கிரிப்ட் முழுக்க ஒரே த்ரெட்டில் ஓடும். கோப்பு படிப்பது போன்ற வேலைகளுக்கு மட்டும் அடியில் 4 த்ரெட் கொண்ட ஒரு பூல் இருக்கும். வழிகள் வேறு வேறு என்றாலும் மூன்றிலும் நமக்குக் கிடைப்பது ஒரே வசதி: நம் கோடை மேலிருந்து கீழே, ஒரு கடிதத்தைப் படிப்பதுபோல் படிக்கலாம்.

இந்த வசதி சும்மா வந்ததில்லை. ஒரே சர்வரில் பத்தாயிரம் பேருக்கு எப்படி ஒரே நேரத்தில் பதில் சொல்வது என்று டான் கெகல் 1999இல் எழுதியதிலிருந்து, இகோர் சிசோயெவ் 2004இல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் வரை, அதற்குப் பின்னும், பலர் அந்தச் சிக்கலைச் சர்வருக்குள்ளேயே தீர்த்துவைக்கப் பாடுபட்டிருக்கிறார்கள். பூட்டு, வரிசை, விழிப்பு, தூக்கம் எல்லாவற்றையும் ஒரு முறை, ஓர் இடத்தில், அதையே தொழிலாகக் கொண்டவர்கள் எழுதிவைத்தார்கள். நாம் ஒரு ரிக்வெஸ்ட்டுக்குள் இன்னும் ஐந்து த்ரெட்டைத் திறந்தால் அந்தச் சிக்கலை மறுபடி நம் வீட்டுக்குள் அழைத்துக்கொள்கிறோம். சில சமயம் அழைக்கத்தான் வேண்டும். ஆனால் காரணம் இருக்க வேண்டும்.

எங்கள் ரிப்போர்ட் பக்கத்தை வைத்துச் சொல்கிறேன். நான் இந்த அணிக்கு வந்தபோது அந்தப் பக்கத்தை ஒருவர் ஏற்கெனவே வேகப்படுத்திவிட்டு வேறு வேலைக்குப் போயிருந்தார். பக்கத்துக்கு ஐந்து விஷயம் வேண்டும்: நோயாளியின் விவரம், இன்றைய முடிவுகள், ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய முடிவுகள், பில் பாக்கி, கிளையின் முகவரி உள்ள லெட்டர்ஹெட். ஒவ்வொன்றையும், வேலையைத் தனி த்ரெட்டில் ஓடவிடும் ஜாவா வசதியான கம்ப்ளீட்டபிள் ஃப்யூச்சரில் போட்டு ஐந்தையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டிருந்தார். லேப்டாப்பில் தனியாகத் திறந்தால் பக்கம் பறக்கும். மாலை ஐந்தரைக்கு அதே பக்கம் ஊரும். சில நாள் முப்பது நொடி அப்படியே நின்றுவிட்டு எரர் கொடுக்கும்.

முப்பது என்ற எண்தான் முதல் துப்பு. ஸ்பிரிங் பூட் தானாகக் கொடுக்கும் ஹிகாரி கனெக்‌ஷன் பூலில் டேட்டாபேஸ் கனெக்‌ஷன்கள் 10. காலியாக ஒன்று கிடைக்கவில்லை என்றால் ஒரு த்ரெட் 30 நொடி காத்திருந்துவிட்டு எரர் போடும். இரண்டுமே நாம் மாற்றாதவரை இருக்கும் அளவுகள். இப்போது கணக்குப் போடுங்கள். பக்கம் திறந்ததும் முதல் வேலையாக, இன்னார் ரிப்போர்ட்டைப் பார்த்தார் என்று எழுத, டேட்டாபேஸ் வேலைகளை ஒரே கட்டாகச் செய்யும் ஒரு டிரான்ஸாக்‌ஷன் தொடங்குகிறது. அது ஒரு கனெக்‌ஷனைப் பிடித்துக்கொள்கிறது. அதை விடாமலே ஐந்து குட்டி த்ரெட்டுகளைக் கிளப்பி, அவை முடியக் காத்திருக்கிறது. அந்தக் குட்டிகளுக்கும் ஆளுக்கொரு கனெக்‌ஷன் வேண்டும். ஒரே கணத்தில் பத்துப் பேர் பக்கத்தைத் திறந்தால் பத்து டிரான்ஸாக்‌ஷனும் பத்துக் கனெக்‌ஷனையும் பிடித்திருக்கும். குட்டிகளுக்கு ஒன்றுகூட மிஞ்சாது. பெரியவை குட்டிகளுக்காகக் காத்திருக்க, குட்டிகள் கனெக்‌ஷனுக்காகக் காத்திருக்கும். யாரும் நகர முடியாது. டெட்லாக். தனியாகச் சோதித்த லேப்டாப்பில் இது எந்தக் காலத்திலும் தெரியாது.

பூலைப் பெரிதாக்கலாமே என்று உடனே தோன்றும். 200 ரிக்வெஸ்ட்டும் ஆளுக்கொன்று பிடித்துக்கொண்டு இன்னொன்று கேட்கிற நிலையில், ஒருவராவது நகர 201 கனெக்‌ஷன் தேவை. போஸ்ட்கிரெஸ் நாம் மாற்றாதவரை அனுமதிப்பது மொத்தமே 100. அதை உயர்த்தலாம்தான். ஆனால் போஸ்ட்கிரெஸ்ஸில் ஒவ்வொரு கனெக்‌ஷனும் தனிப் புராசஸ். நாலு கோர் (சி.பி.யு.வுக்குள் தனித்தனியாகக் கணிக்கும் பகுதி) உள்ள மெஷினில் அதை முந்நூறுக்கு உயர்த்திவிட்டால் குயரிகள், அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விகள், வேகமாகிவிடாது, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கும். லேபிலேயே இதைப் பார்த்திருக்கிறேன். ரத்தம் எடுக்க எட்டுப் பேரை உட்காரவைத்தாலும் உள்ளே அனலைசர் ஒன்றுதான் என்றால் ட்யூப்கள் ட்ரேயில்தான் காத்திருக்கும்.

இதைவிட என்னை உலுக்கியது லெட்டர்ஹெட் விஷயம். எங்கள் கோடில் எந்தக் கிளைக்கான ரிக்வெஸ்ட் என்பதை ஒரு த்ரெட் லோக்கலில் வைத்திருந்தார்கள். அந்த த்ரெட்டுக்கு மட்டும் தெரியும் மாறி அது. குட்டி த்ரெட்டில் எட்டிப் பார்த்தால் அது காலி. அதனால் யாரோ அதை இன்ஹெரிட்டபிள் த்ரெட் லோக்கலாக மாற்றியிருந்தார்கள். தாயிடமிருந்து குட்டிக்கு மதிப்பு தானாகப் போய்விடும். சோதித்ததில் சரியாக வந்திருக்கிறது. ஆனால் அந்த மதிப்பு நகலாவது த்ரெட் பிறக்கும்போது மட்டும்தான். பூலில் இருக்கும் த்ரெட் ஒரு முறை பிறந்து பல ரிக்வெஸ்ட்டுக்கு உழைக்கும். பயன்படுத்தியிருந்ததோ கேஷ்டு த்ரெட் பூல். அதில் 60 நொடி சும்மா இருந்த த்ரெட் மடிந்துவிடும், தேவைப்பட்டால் புதிது பிறக்கும். மதியத்தில் கூட்டம் இல்லை, ஒவ்வொரு முறையும் புது த்ரெட், சரியான கிளை. மாலைக் கூட்டத்தில் த்ரெட்டுகள் சாவதே இல்லை; முதலில் தன்னைப் பெற்றெடுத்த ரிக்வெஸ்ட்டின் கிளையையே வைத்துக்கொண்டு எல்லோருக்கும் வேலை செய்யும்.

குரோம்பேட்டைப் பக்கத்து லேப் ஒன்றின் கவுண்டரில் இருக்கும் பெண் ஃபோன் செய்தார். "மேடம், பேஷண்ட் பேரு சரி, ரிசல்ட்டும் சரி. மேல இருக்கற அட்ரஸ் மட்டும் எங்க பிராஞ்ச் இல்ல." எல்லாக் கிளைக்கும் ஒரே லோகோ, ஒரே நிறம், முகவரி வரி மட்டும்தான் மாறும். அதைக் கவனித்துச் சொன்ன அவருக்கு நான் இன்றும் நன்றி வைத்திருக்கிறேன். அந்தக் கிளை எண்ணை முகவரிக்குப் பதில் முடிவுகளைத் தேடவும் பயன்படுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. காரணத்தைத் தேடும்போது, சர்வர் செய்வதை எழுதிவைக்கும் லாக் கோப்பும் கைகொடுக்கவில்லை. ரிக்வெஸ்ட் எண்ணை லாகில் சேர்ப்பதும் அதே த்ரெட் லோக்கல் வழியில்தான். குட்டி த்ரெட்டுகள் எழுதிய வரிகளில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. யாருடைய பக்கத்துக்கான குயரி என்றே சொல்ல முடியவில்லை.

டிரான்ஸாக்‌ஷனும் அப்படித்தான். ஸ்பிரிங்கில் டிரான்ஸாக்‌ஷன் த்ரெட்டோடு ஒட்டியது. குட்டிகள் அதற்கு வெளியே, தனித்தனிக் கனெக்‌ஷனில், தனித்தனிக் கணத்தில் படிக்கின்றன. நடுவில் லேப் டெக்னீஷியன் ஒரு முடிவைத் திருத்தினால் பக்கத்தின் ஒரு பாதி பழையது, மறு பாதி புதியது.

சரி, வேகத்துக்கு என்ன செய்தோம்? முதலில் ஐந்தையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று லாகில் எழுதினோம். நாலு வேலை சின்னது. பழைய முடிவுகள் மட்டும் மலை. போஸ்ட்கிரெஸ்ஸில் குயரி எப்படி ஓடுகிறது என்று காட்டும் எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் போட்டுப் பார்த்தால், முடிவுகள் இருக்கும் டேபிளை முதல் வரியிலிருந்து கடைசி வரை நடந்து போய்த் தேடிக்கொண்டிருந்தது. தேடலைச் சுருக்கும் இண்டெக்ஸ் இல்லை. அதோடு ஹீமோகுளோபினுக்கு ஒரு குயரி, பிளேட்லெட்டுக்கு ஒரு குயரி, ஒவ்வொரு அளவுக்கும் ஒன்று என்று லூப்புக்குள் குயரி ஓடியது. நோயாளி எண்ணையும் தேதியையும் சேர்த்து ஓர் இண்டெக்ஸ் போட்டோம், லூப்பை எடுத்துவிட்டு ஒரே குயரியாக எழுதினோம். த்ரெட்டுகள் முழுவதும் போயின. பக்கம் மாலையிலும் வேகமாகத் திறக்க ஆரம்பித்தது.

இதன் கணக்கு எளிமையானது. ஒரு பக்கத்துக்கு ஐந்து வேலை. ஒன்று 1400 மில்லி நொடி, மற்ற நாலும் 150 வீதம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2000. எத்தனை த்ரெட் போட்டாலும் 1400க்குக் கீழே வராது, ஏனென்றால் பெரிய வேலை முடியும்வரை எல்லோரும் காத்திருக்க வேண்டும். அந்த ஒன்றை 50க்குக் கொண்டுவந்தால் நேர்கோட்டிலேயே 650. ஜீன் அம்டால் 1967இல் சொன்ன விதியும் இதைத்தான் சொல்கிறது: ஒரு வேலையில் 95 சதவீதத்தைப் பிரித்துச் செய்ய முடிந்தாலும், எத்தனை கோர் கொடுத்தாலும், 20 மடங்குக்கு மேல் வேகமாகாது. பிரிக்க முடியாத அந்த 5 சதவீதம் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் த்ரெட்டைக் கூட்டுவது வீண்.

லேப்டாப்பில் ஏன் பறந்தது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். அங்கே ஒரே ஆள், மற்ற கோர்கள் சும்மா. சர்வரில் மாலை நேரத்தில் எந்த கோரும் சும்மா இருப்பதில்லை. அடுத்த ரிக்வெஸ்ட் அதற்காகக் காத்திருக்கிறது. என் பக்கத்துக்காக நான் நாலு கோரையும் எடுத்துக்கொண்டால் அது பக்கத்தில் நிற்பவரின் பங்கு. ரூபி மொழியில் வெப் புரோகிராம் எழுத உதவும் ரெயில்ஸின் 7.2 பதிப்பில், பூமா வெப் சர்வருக்கு நாம் மாற்றாதவரை இருக்கும் த்ரெட் எண்ணிக்கையை 5இலிருந்து 3ஆகக் குறைத்தார்கள். கூடுதல் த்ரெட்டால் மொத்த வேலை கொஞ்சம் கூடலாம், ஆனால் ஒவ்வொருவரும் காத்திருக்கும் நேரம் ஏறுகிறது என்பதுதான் காரணம். அளந்து பார்த்தவர்கள் எடுத்த முடிவு அது.

இனி பராமரிப்பு. எனக்கு அது முகம் தெரிந்த ஆட்களின் விஷயம். ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் இந்தச் சுழற்சி பழக்கம்: ஒருவர் ராஜினாமா பேப்பர் போடுவார், 90 நாள் நோட்டீஸ், கடைசி இரண்டு வாரம் கே.டி. என்கிற வேலை ஒப்படைப்பு, ரெக்கார்ட் செய்த வீடியோ கால்கள் ஒரு ஃபோல்டரில் போய்க் கிடக்கும். அவர் இடத்துக்கு வருகிற பிள்ளை சில வாரத்திலேயே ராத்திரி அழைப்புக்குப் பொறுப்பேற்க வேண்டும். சர்வர் நின்றால் அவருக்குக் கிடைப்பது ஸ்டாக் ட்ரேஸ் ஒன்றுதான். நேர்கோட்டுக் கோடாக இருந்தால் அது முழுக் கதையையும் சொல்லிவிடும்: இந்தப் பக்கம் அந்த சர்வீஸைக் கூப்பிட்டது, அது இந்தக் குயரியைக் கூப்பிட்டது, இந்த வரியில் உடைந்தது. த்ரெட் பூலில் உடைந்தால் ஸ்டாக் ட்ரேஸ் பூலின் வாசலிலேயே முடிந்துவிடும். இந்த வேலையை யார் அனுப்பினார்கள், எந்த நோயாளியின் பக்கம் என்று எதுவும் இருக்காது. திருநெல்வேலியிலிருந்தோ சேலத்திலிருந்தோ வந்து மேடவாக்கத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் ஒரு பிள்ளை, ராத்திரி தனியாக அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நான் விரும்பவில்லை.

படிப்பதற்கு ஏன் கடினம் என்பதையும் எண்ணில் சொல்லலாம். இரண்டு த்ரெட், ஒவ்வொன்றிலும் பத்துப் படிகள். அவை ஒன்றுக்குள் ஒன்று கலந்து ஓடக்கூடிய வரிசைகள் 1,84,756. ஒரு த்ரெட்டில் படிக்கும்போது ஒரே வரிசை. டெஸ்ட் எழுதிவிட்டோமே என்றால், டெஸ்ட் ஓடும்போது அந்த வரிசைகளில் ஏதோ சில மட்டும்தான் நடக்கின்றன.

பெர்க்லியில் பேராசிரியராக இருந்த எட்வர்ட் லீ 2006இல் எழுதிய ஒரு கட்டுரையை எங்கள் அணியில் எல்லோரையும் படிக்கச் சொல்லியிருக்கிறேன். அவருடைய குழு 2000இன் தொடக்கத்தில் ஒரு மென்பொருளின் மையப் பகுதியை த்ரெட்டுகளோடு மிகக் கவனமாக எழுதியது. வடிவமைப்பை ஆய்வு செய்தார்கள், கோட் ரிவ்யூ செய்தார்கள், கோடின் நூறு சதவீதத்தையும் தொடும் டெஸ்ட்டுகள் எழுதினார்கள். அது பலரால் பயன்படுத்தப்பட்டு நன்றாக ஓடியது. நாலு வருடம் கழித்து, 2004 ஏப்ரல் 26 அன்று, டெட்லாக்கில் நின்றது. அத்தனை கவனத்தையும் தாண்டி அந்தப் பிழை நாலு வருடம் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

மருத்துவத் துறைக்கு எழுதுகிறவள் என்பதால் இன்னொன்றும் என் நினைவில் எப்போதும் இருக்கும். 1985 முதல் 1987 வரை தெரக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரத்தில் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மிக அதிகமான கதிர்வீச்சு போனது. சிலர் அதனால் இறந்தார்கள். காரணங்களில் ஒன்று ரேஸ் கண்டிஷன்: ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளில் எது முந்துகிறது என்பதைப் பொறுத்து முடிவு மாறும் பிழை. ஆபரேட்டர் திரையில் விவரங்களை வெகு வேகமாகத் திருத்தினால் மட்டுமே அது தலைகாட்டும். பழகாதவர்கள் மெதுவாகத் தட்டியதால் ஒன்றும் ஆகவில்லை; கை பழகப் பழகத்தான் ஆபத்து வந்தது. எங்கள் சாஃப்ட்வேர் யாருக்கும் கதிர்வீச்சு கொடுப்பதில்லை. ஆனால் அதில் வரும் எண்ணைப் பார்த்து ஒரு டாக்டர் மாத்திரையைக் கூட்டுகிறார், குறைக்கிறார்.

இவ்வளவும் சொன்ன பிறகு, நான் ஒப்புக்கொண்ட த்ரெட்டுகளையும் சொல்ல வேண்டும். எக்ஸ்ரே படங்களைச் சிறிதாக்கும் வேலை முழுக்க சி.பி.யு. வேலை, ஒரு படத்துக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தமில்லை, டேட்டாபேஸைத் தொடுவதில்லை. அதைத் தனிப் புராசஸாகப் பிரித்து, அதற்குள் கோர் எண்ணிக்கை அளவுக்கு த்ரெட் வைத்திருக்கிறோம். ரிப்போர்ட்டைப் பி.டி.எஃப். ஆக்குவதும் மெசேஜ் அனுப்புவதும் ஒரு வரிசைக்குப் போய்விட்டன. வெப் பக்கம் அவற்றுக்காகக் காத்திருப்பதே இல்லை. மாதக் கடைசியில் கம்பெனிகளுக்கான பில் தொகுப்பைக் கிளைக்கு ஒரு புராசஸாக ஓட்டுகிறோம். ஒரு கிளை உடைந்தால் அதை மட்டும் மறுபடி ஓட்டலாம், மெமரியில் எதையும் பகிர்ந்துகொள்வதில்லை. ஒரே நேரத்தில் பல வேலை நடக்க வேண்டும் என்றால் நான் முதலில் தேடும் எல்லைகள் இவை: புராசஸ், வரிசை, டேட்டாபேஸ்.

ரிக்வெஸ்ட்டுக்குள்ளேயே த்ரெட் மிஞ்சியது ஓர் இடத்தில்தான். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுப்பதற்கான பதிவுப் பக்கம் இரண்டு வெளி சேவைகளைக் கேட்கிறது: பணம் வந்ததா, எந்த நேரத்தில் ஆள் இருக்கிறார். இரண்டும் நம் கையில் இல்லாதவை, இரண்டும் மெதுவானவை, ஒன்றின் பதில் மற்றதற்குத் தேவையில்லை, இரண்டுமே வெறும் வாசிப்பு. இங்கே ஒரே நேரத்தில் கேட்பதால் நோயாளிக்கு நிஜமாகவே நேரம் மிச்சம். அதை ஒரே கிளாஸுக்குள் அடைத்து, ஒவ்வொரு அழைப்புக்கும் காலக்கெடு வைத்து, கெடு தாண்டினால் என்ன காட்டுவது என்பதையும் அங்கேயே எழுதியிருக்கிறோம். மற்ற கோடுக்கு உள்ளே த்ரெட் இருப்பதே தெரியாது.

அணியில் இருக்கும் தம்பி ஒருவன் இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரு நாள் மதியம் கேன்டீனில் சொன்னான்: "அக்கா, இதெல்லாம் பழைய கதை. ஜாவா 21ல விர்ச்சுவல் த்ரெட் வந்தாச்சு. லட்சம் த்ரெட் போடலாம். அப்புறம் என்ன பயம்?"

"லட்சம் த்ரெட் போடலாம்ப்பா. கனெக்‌ஷன் எத்தன இருக்கு?"

கொஞ்ச நேரம் யோசித்தான். "பத்து."

"அப்ப மிச்ச பேரு எங்க நிப்பாங்க?"

அவன் சொன்னதிலும் பெரிய உண்மை இருக்கிறது, அதை அன்றே அவனிடம் சொன்னேன். 2023 செப்டம்பரில் ஜாவா 21உடன் வந்த விர்ச்சுவல் த்ரெட் எனக்கு மிகவும் பிடித்த மாற்றம். பல வருடம் ஜாவா உலகில் வேகம் வேண்டும் என்றால் ரியாக்டிவ் முறையில், ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி எழுத வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கோடைப் படிக்கவே தனிப் பயிற்சி வேண்டும். விர்ச்சுவல் த்ரெட்டை உருவாக்கியவர்கள் அதற்கு எதிர்த் திசையில் போனார்கள்: நீங்கள் ரிக்வெஸ்ட்டுக்கு ஒரு த்ரெட் என்று நேர்கோட்டிலேயே எழுதுங்கள், காத்திருக்கும் நேரத்தில் அடியிலிருக்கும் நிஜ த்ரெட்டை வேறு வேலைக்குக் கொடுப்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஆரம்பத்தில் சிங்க்ரனைஸ்டு பகுதிக்குள் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் நுழையக்கூடிய, பூட்டிய கோட்) காத்திருந்தால் நிஜ த்ரெட்டும் சேர்ந்து சிக்கிக்கொள்ளும் குறை இருந்தது; 2025 மார்ச்சில் வந்த ஜாவா 24இல் அதைச் சரிசெய்துவிட்டார்கள். படிக்கும் எளிமையைக் காப்பாற்றிக்கொண்டே வேகத்தைக் கூட்ட முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சான்று இல்லை. ஆனால் பகிர்ந்துகொண்ட மாறியில் இரண்டு பேர் எழுதினால் விர்ச்சுவல் த்ரெட்டிலும் அதே குளறுபடிதான்.

நோட் பக்கம் இருப்பவர்கள், ஒரே த்ரெட் என்பதால் தங்களுக்கு இந்தக் கவலையே இல்லை என்று சொல்வதுண்டு. பாக்கித் தொகையைப் படித்து, நடுவில் ஓர் அவெய்ட் (பதிலுக்குக் காத்திருக்கும் இடம்), பிறகு கழித்து எழுதினால், அந்த அவெய்ட்டில் இன்னொரு ரிக்வெஸ்ட் நுழைந்து அதே பழைய தொகையைப் படித்துவிடும். இதற்கு மருந்து டேட்டாபேஸிலேயே கழிப்பது. பைத்தானிலும் காற்று மாறுகிறது. ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் பைத்தான் கோடை ஓட்ட விடும் ஜி.ஐ.எல். என்ற பூட்டு இல்லாத பதிப்பு 3.13இல், 2024 அக்டோபரில், சோதனை முயற்சியாக வந்தது. அந்தப் பூட்டின் நிழலில் இத்தனை வருடம் தற்செயலாகச் சரியாக ஓடிய கோட் எவ்வளவு இருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

அதே தம்பி வேறொன்றும் கேட்டான். அது என்னைக் கொஞ்சம் நிறுத்தியது. "கிளையண்ட்டுக்குப் பக்கம் எவ்ளோ சீக்கிரம் திறக்குதுன்னுதானே தெரியும்? உள்ள கோட் எப்படி இருக்குன்னு யாரு பாக்கப் போறா?" நியாயமான கேள்வி. நான் சொன்ன பதில்: கிளையண்ட் பார்க்க மாட்டார், ஆனால் அவர் கேட்கிற அடுத்த மாற்றம் எத்தனை நாளில் வருகிறது என்பதைப் பார்ப்பார். லெட்டர்ஹெட்டில் ஒரு க்யூ.ஆர். கோட் சேர்க்கச் சொன்னபோது, பழைய ஐந்து த்ரெட் கோடில் கையை வைக்கவே யாருக்கும் துணிவு வரவில்லை. நேர்கோட்டுக்கு மாற்றிய பிறகு அதே தம்பிதான் அதைச் சேர்த்தான், சீக்கிரமாகவும் சேர்த்தான். கிளையண்ட்டுக்கு அதுவும் வேகம்தான்.

ரிவ்யூவில் இப்போது நான் கேட்பது இவ்வளவுதான். த்ரெட் இல்லாமல் அளந்த நேரம் எங்கே? கூட்ட நேரத்தைப் போன்ற லோட் டெஸ்ட்டில் எவ்வளவு மிச்சமானது? அது எந்தக் கனெக்‌ஷன் பூலைத் தொடுகிறது? உள்ளே ஒன்று உடைந்தால் லாகில் ரிக்வெஸ்ட் எண் தெரியுமா? இவற்றுக்குப் பதில் இருந்தால் நானே ஒப்புதல் போட்டுவிடுவேன்; எக்ஸ்ரே கோடுக்கு அப்படித்தான் போட்டேன்.

அடுத்து ஜாவா 25க்கு மாறும் வேலை இருக்கிறது. த்ரெட் லோக்கலுக்கு மாற்றாக வந்திருக்கும் ஸ்கோப்டு வேல்யூ அதில் முழுமையாகிவிட்டது. ஒரு மதிப்பு எந்தப் பகுதிக்குள் மட்டும் உயிரோடு இருக்கும் என்று கோடைப் பார்த்தாலே தெரியும், நடுவில் யாரும் மாற்ற முடியாது. அதைக் குட்டி த்ரெட்டுகளுக்குத் தானாகக் கடத்தும் ஸ்ட்ரக்சர்டு கன்கரன்சி மட்டும் ஜாவா 25இலும் முன்னோட்ட நிலையிலேயே இருக்கிறது. மருத்துவ ரிப்போர்ட் போகும் சர்வரில் முன்னோட்ட வசதியை நான் வைக்க மாட்டேன். அது நிலையாகும்வரை எங்கள் பதிவுப் பக்கத்தில் கிளை எண் ஒவ்வொரு அழைப்புக்கும் ஆர்க்யூமென்ட்டாகவே போகும். தட்டுவதற்கு ஒரு சொல் கூடுதல், படிப்பவருக்கு எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை.